மருந்து கவுண்டரிலிருந்து தொடங்குங்கள்

பெறுநர்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், தமிழ்நாடு அரசு, மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநகர நல அலுவலர், பெருநகர சென்னை மாநகராட்சி.

வணக்கம்.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கட்டுப்பாட்டில் இருக்கிற நோயாளிகளுக்கு 90 நாள் மாத்திரையை ஒரே தடவையில் கொடுங்கள். முதலில் தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் தொடங்குங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். ஆனால் இதை ஒரு வரி ஆணையாகப் போட்டுவிட்டால் மூன்றாம் வாரமே கிடங்கு காலியாகி, ‘இதெல்லாம் சரிப்பட்டு வராது’ என்று பழைய முறைக்கே திரும்பிவிடுவோம். எது எங்கே இடிக்கும், எவ்வளவு சரக்கு கூடுதலாக வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். நாங்கள் வட சென்னையின் அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் மாத்திரை கொடுத்தும், ரத்தம் எடுத்தும், ஊசி போடக் கற்றுக்கொடுத்தும் வருகிறவர்கள்.

இருப்பதைக் குறைத்துப் பேச வரவில்லை. 1994-இல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்கு, ஆய்வகத்தில் மாதிரிச் சோதனை, மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் (மருந்து எடுக்க ஒதுக்கிய தொகையின் கணக்கு) என்று வகுத்த முறையைப் பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நடக்க முடியாதவரின் வீட்டுப் படிக்கே மாத்திரையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் முதலமைச்சர் காப்பீடும் இருக்கிறது. ஆனால் காப்பீடு கைகொடுப்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான். மாதாமாதம் விழுங்கும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. காலையே வெட்டி எடுக்கும் அறுவைக்குப் பணம் தயாராக இருக்கிறது. அந்தக் கால் போகாமல் காக்க வேண்டிய மெட்பார்மின் சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் ‘ஸ்டாக் வரல, அடுத்த வாரம் வாங்க’ என்றால் அது என்ன கணக்கு?

வட சென்னையின் வேலை நேரமும் புறநோயாளிப் பிரிவின் நேரமும் ஒத்துப்போவதில்லை. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். அங்கே மீன் எடுத்துக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்கிற அம்மாவுக்குக் காலை எட்டு மணி என்பது வியாபாரம் நடக்கிற நேரம். துறைமுக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரியை விட்டு ஓட்டுநர் இறங்கிவர முடியாது. மணலி ஆலைகளில் ஷிப்டு. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் மூன்று வீடு முடித்தாக வேண்டும். இவர்களுக்கு மாதம் ஒரு தடவை மாத்திரை என்றால் மாதம் ஒரு நாள் கூலி போகிறது. கையிருப்பு குறைந்து 15 நாளுக்கு, 10 நாளுக்கு என்று வெட்டிக் கொடுக்கும்போது இரண்டு, மூன்று நாள் கூலி. அதன் பிறகு அவர் வருவதே தலை சுற்றிக் கீழே விழுந்த பிறகுதான். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரை திறந்திருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. ஆனால் அங்கே தொடர் மாத்திரைக்கான சரக்கு அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கோடு சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கதவு திறந்திருந்தும் அலமாரி காலியாக இருக்கும்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றும் பாருங்கள். எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை 200 பேர், ஒரே மருந்தாளுநர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 54 நொடி. சீட்டைப் படித்து, நான்கு வகை மாத்திரை எடுத்து, எண்ணி, பதிந்து, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அடிபடுவது எப்போதும் கடைசி வேலைதான். ரத்தக்கொதிப்புக்கான அம்லோடிபின் தினம் ஒன்று, 15 நாளுக்கு என்றால் ஒன்றரை அட்டை. கத்தரி எடுத்தே ஆக வேண்டும். வெட்டிய பாதியில் மருந்தின் பெயர் இருக்கும். காலாவதித் தேதி மறுபாதியோடு போயிருக்கும். சில சமயம் பெயரும் இருக்காது. வீட்டில் ஒரே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வெள்ளை நிறத்தில் இரண்டு துண்டு அட்டைகள் கிடக்கும், ஒன்று பிரஷருக்கு, ஒன்று சர்க்கரைக்கு. பிரஷர் மாத்திரை என்று நினைத்து, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடை இரண்டு தடவை போட்டுக்கொண்டவர் நள்ளிரவில் வியர்த்து மயங்கிக் கிடப்பார். 90 நாள் என்றால் ஒன்பது முழு அட்டை. கத்தரிக்கே வேலையில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் கவுண்டர் வரிசை மூன்றில் ஒன்றாகிவிடும் என்று சொல்ல மாட்டோம், காய்ச்சலும் இருமலும் வந்துகொண்டேதான் இருக்கும். தொடர் மாத்திரைக்காரர்களின் வரிசை மட்டும் குறையும். அந்த நேரத்தில், டெண்டர் மாறி வேறு கம்பெனி மாத்திரை வரும்போது ‘நிறம்தான் மாறியிருக்கு, மருந்து அதேதான்’ என்று சொல்லலாம். இப்போது அதைச் சொல்லாததால், மஞ்சள் மாத்திரை போய் வெள்ளை வந்ததும் ‘இது எனக்கு ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

இனி சரக்குக் கணக்கு. அதிகாரிகள் தயங்குவது இங்கேதான், அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட. ஒரு நிலையத்தில் கட்டுப்பாட்டில் உள்ள நோயாளிகள் 3,000 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு 30 நாள் என்றால் மாதம் 90,000 ஆள்-நாள் மருந்து. ஒரே மாதத்தில் எல்லோரையும் 90 நாளுக்கு மாற்றினால் 2,70,000 வேண்டும். எந்தக் கிடங்கும் தாங்காது. மூன்று பங்காகப் பிரித்து மாதம் 1,000 பேராக மாற்றுங்கள். முதல் மாதம் 1,000 பேருக்கு 90 நாள், மீதி 2,000 பேருக்கு 30 நாள்: 1,50,000. இரண்டாம் மாதம் முதல் பங்கினர் வரமாட்டார்கள். புதிதாக 1,000 பேருக்கு 90 நாள், மீதி 1,000 பேருக்கு 30 நாள்: 1,20,000. மூன்றாம் மாதம் கடைசி 1,000 பேருக்கு: 90,000. நான்காம் மாதத்திலிருந்து என்றைக்கும் போல 90,000. ஆக மொத்தம் கூடுதலாக வேண்டியது 60,000-மும் 30,000-மும் சேர்ந்து 90,000, அதாவது ஒரே ஒரு மாதச் சரக்கு, அதுவும் ஒரே ஒரு தடவை. பாஸ்புக்கில் அந்த ஒரு மாதத் தொகையைக் கூட்டித் தந்தால் போதும்.

கொரோனாக் காலத்தில் நாள்பட்ட நோயாளிகளுக்கு இரண்டு மாத மருந்து கொடுத்துப் பழகியிருக்கிறோம். அப்போது அவசரத்தில் செய்ததை இப்போது நிதானமாகச் செய்யலாம்.

யாருக்குக் கொடுக்கலாம்? அடுத்தடுத்து இரண்டு வருகையிலும் ரத்தக்கொதிப்பு 140/90-க்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 130-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் இருக்க வேண்டும். மூன்று மாதமாக மருந்தளவு மாறியிருக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர், கர்ப்பிணி, சிறுநீரகம் பழுதானவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்து மூன்று மாதம் ஆகாதவர், காசநோய் மருந்து எடுக்கிறவர் ஆகியோர் 30 நாள் வரிசையிலேயே இருக்கட்டும். காசநோயாளிகளை ஏன் சேர்த்தோம் என்றால், காசநோய் மருந்தான ரிபாம்பிசின் மற்ற மருந்துகளை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். அம்லோடிபினும் கிளிமிபிரைடும் அதே அளவில் கொடுத்தாலும் வேலை செய்யாமல் போகலாம்; அளவைக் கூட்ட வேண்டி வரும். ஆறு மாதம் முடிந்து ரிபாம்பிசின் நின்றதும் கூட்டிய அளவு மிகையாகி, சர்க்கரை தடாலென்று இறங்கும். காசநோய்ப் பதிவேடு ஒரு மேசையிலும் சர்க்கரைப் பதிவேடு இன்னொரு மேசையிலும் இருந்தால் இதை யார் கவனிப்பது?

90 நாள் கொடுத்துவிட்டால் ஆளையே பார்க்க மாட்டீர்களே என்று கேட்பீர்கள். மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் மாதம் ஒரு தடவை போகட்டும். ஆனால் மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு அல்ல, பிரஷர் கருவியோடு. நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, சட்டைக் கைக்கு மேலே பட்டையைச் சுற்றாமல், இரண்டு தடவை பார்க்க வேண்டும். சுமை தூக்குகிறவரின் பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையும் பையில் இருக்க வேண்டும். பிறகு மாத்திரையை எண்ணச் சொல்லுங்கள். தினம் இரண்டு வீதம் 180 கொடுத்திருந்தால் முப்பதாம் நாள் 120 மீதி இருக்க வேண்டும். 150 இருந்தால் பாதி நாள் சாப்பிடவில்லை என்று அர்த்தம். இதை எந்த ஆய்வகமும் சொல்லாது.

ரத்தப் பரிசோதனையில் ஒரு பிழை ஓயாமல் நடக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்ததும் ‘சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க’ என்கிறோம். அவர் வெளியே போய் இட்லி சாப்பிடுவார், அன்றைய மாத்திரையைச் சாப்பிடமாட்டார். டெஸ்ட் முடிந்த பிறகுதான் மாத்திரை என்று நினைத்துக்கொள்வார், மாத்திரை வீட்டில்தானே இருக்கிறது. இரண்டாவது ரத்தத்தில் சர்க்கரை 280 காட்டும், மருத்துவர் அளவைக் கூட்டுவார். அடுத்த நாளிலிருந்து அவர் ஒழுங்காக மாத்திரை போடுவார், கூட்டிய அளவில். மதியம் சாப்பாடு தள்ளிப்போன ஒரு நாளில் வேலை இடத்திலேயே மயங்கி விழுவார். ‘மாத்திரையைக் கையோடு கொண்டு வாருங்கள், முதல் ரத்தம் கொடுத்ததும் வழக்கமான மாத்திரையைப் போட்டுச் சாப்பிடுங்கள், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம்’ என்று ஆய்வகச் சீட்டிலேயே அச்சடித்துவிட்டால் போதும், செலவு மை மட்டும்தான். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டினால் இன்னும் நல்லது. அதற்கு வெறும் வயிறு வேண்டாம். மாலை ஆறு மணிக்கும் எடுக்கலாம். இரும்புச் சத்துக் குறைந்த ரத்தசோகைக்காரருக்கு அது கூடுதலாகக் காட்டலாம் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்சுலினுக்குத் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். அரசு தரும் பாட்டில் 10 மி.லி., ஒரு மி.லி.க்கு 40 யூனிட், ஆக 400 யூனிட். காலையும் மாலையுமாக நாளுக்கு 30 யூனிட் போடுகிறவருக்கு மாதம் 900 வேண்டும். இரண்டு பாட்டில் கொடுத்தால் 800. இருபத்தேழாம் நாள் தீர்ந்துவிடும். மாதக் கடைசி மூன்று நாள் அவருக்கு இன்சுலின் கிடையாது, ஊசியில் சிந்துவதையும் சேர்த்தால் நான்கு நாள். ஆளுக்கு இரண்டு என்று பொத்தாம்பொதுவாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, தினசரி யூனிட்டை 30-ஆல் பெருக்கி 400-ஆல் வகுத்து, மிச்சம் வந்தால் மேலே ஒன்று கூட்டிக் கொடுங்கள். திறக்காமல் மிஞ்சிய பாட்டிலை அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம்.

பாட்டிலோடு சிரிஞ்சும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நோயாளி கடையில் கிடைத்ததை வாங்குவார். 40 யூனிட் பாட்டிலுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி ஒரு மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை நமது பாட்டிலிலிருந்து இழுத்தால் வருவது 0.2 மி.லி., அதாவது 8 யூனிட்தான். வாரக்கணக்கில் சர்க்கரை இறங்காது, ‘கவர்ன்மென்ட் மருந்து வேலை செய்யல’ என்ற பேச்சுதான் மிஞ்சும். தலைகீழாக நடந்தால் ஆபத்து: தனியார் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரவில் போட்டவர் காலையில் எழுந்திருக்காமல் போகலாம். கவுண்டரில் இரண்டு மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு பலகை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சேமிப்பதும் அப்படித்தான். திறந்த பாட்டில் வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே தாங்காது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு சின்ன டப்பாவில் பாட்டிலை வைத்து, பானையை ஈரத் துணியால் சுற்றச் சொல்லுங்கள். விசைப்படகில் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல நாள் கடலில் இருப்பார்கள், படகில் ஐஸ் நிறைய இருக்கும், பாட்டிலை நேராக ஐஸில் புதைத்து வைப்பார்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. கலவை இன்சுலினாக இருந்தால் பாட்டில் சுவரில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும், உள்ளங்கையில் உருட்டினாலும் கரையாது. துணி சுற்றி, மூடிய டப்பாவில் போட்டு, ஐஸ் படாமல் மேல் தட்டில் வைக்க வேண்டும் என்பதை ஊசி போடக் கற்றுக்கொடுக்கிற அன்றே சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் நேரம் இது. அவர்களுடைய ஆண்டுப் பரிசோதனைகளை இந்த இரண்டு மாதத்தில் காசிமேட்டிலேயே முடித்துவிடுங்கள்: விழித்திரை, சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின், பாதம். உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் ஊறிய பாதத்தில் உணர்ச்சி போனது தெரியாது. 10 கிராம் மோனோபிலமென்ட் இழையை வளையும் வரை அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். தோல் காய்த்துப்போன இடத்தில் வைத்துப் பார்த்தால் தவறான முடிவு வரும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கும் நடுவில் மருந்துப் பட்டியல் இடிக்கிறது. ஸ்டான்லி போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நிபுணர் எழுதும் மருந்து ஆரம்ப சுகாதார நிலையப் பட்டியலில் இல்லையென்றால், இங்கே இருக்கிற மருத்துவர் அதை மாற்றத் தயங்குவார். நோயாளி ஒரு மாத்திரைக்காகத் திரும்ப ஓல்டு ஜெயில் ரோடுக்குப் போவார், அங்கே ஏற்கெனவே இருக்கிற கூட்டத்தில் நிற்பார். எந்த மருந்துக்கு எதை, எந்த அளவில் மாற்றாகக் கொடுக்கலாம் என்று ஒரு பக்க அட்டவணையை நிபுணர்களே கையொப்பமிட்டுத் தரட்டும். திருப்பி அனுப்பும் சீட்டில் ஐந்து வரி போதும்: என்ன நோய், இப்போது என்ன மருந்து எந்த அளவில், கடைசி அளவீடுகள் தேதியோடு, அடுத்து எந்தப் பரிசோதனை எப்போது, எது நடந்தால் திரும்ப வர வேண்டும். பதிவை செல்போன் எண்ணில் மட்டும் வைக்காதீர்கள், எண் மாறிக்கொண்டே இருக்கும். வீடு இடிக்கப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ போகிறவரோடு குடும்ப அட்டை போகும். அந்த எண்ணில் தேடினால் பதிவு கிடைக்க வேண்டும்.

இன்டென்ட் போடும், அதாவது கிடங்கிலிருந்து மருந்து கேட்டு எழுதும் முறையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. போன ஆண்டு எவ்வளவு செலவானது என்று பார்த்து இந்த ஆண்டுக்குக் கேட்கிறோம். மருந்தே இல்லாத நாளில் செலவு எப்படி இருக்கும்? பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யமும் கணக்கில் சேர்ந்து, தட்டுப்பாடு அடுத்த ஆண்டுத் தேவையையும் குறைத்துக் காட்டுகிறது. ஆண்டில் 300 நாள் மட்டும் சரக்கு இருந்து 1,20,000 மாத்திரை செலவானது என்றால், நாளுக்கு 400. முழு ஆண்டுக்குத் தேவை 1,46,000. பழைய முறையில் 1,20,000 மட்டுமே கேட்போம், 26,000 முதலிலேயே குறைந்துவிடும். செலவைச் சரக்கு இருந்த நாளால் வகுத்து 365-ஆல் பெருக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். கையிருப்பை எண்ணிக்கையில் எழுதாமல் நாளில் எழுதச் சொல்லுங்கள். ‘மெட்பார்மின் 40,000’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது, ‘18 நாள்’ என்றால் மண்டல அலுவலருக்கே பதறும். பக்கத்து நிலையத்தில் 60 நாள் சரக்கு தேங்கியிருந்தால் இரண்டு மருந்தாளுநர்களும் கையெழுத்திட்டு அன்றே மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னைத் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அந்த வாரம் மாத்திரை தீர்ந்தவர் எங்கே போயிருப்பார்? வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முதல் 1,000 பேர் கையில் 90 நாள் மாத்திரை இருக்க வேண்டும், மூடி இறுக்கமான டப்பாவில், பரணில். அக்டோபர் முதல் வாரத்தில் கொடுக்க வேண்டுமானால் கூடுதல் ஒரு மாதச் சரக்குக்கான இன்டென்ட் ஜூலையில் போயாக வேண்டும். கிடங்குக்கு வந்து, மாதிரி ஆய்வகம் போய், தேறித் திரும்பி வர அவ்வளவு நாள் பிடிக்கும். எந்த நிலையங்களில் முதலில் தொடங்குவது, பாஸ்புக்கில் கூடுதல் தொகைக்கு யார் ஒப்புதல் தருவது என்ற இரண்டு கேள்விக்கும் ஜூன் மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டுகிறோம். அட்டவணையும், ஆய்வகச் சீட்டின் வாசகமும், சிரிஞ்சுப் பலகையின் மாதிரியும் எழுதித்தர எங்களில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
வட சென்னை அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளின் மருந்தாளுநர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்பநர்கள் சிலர்